டீசண்ட் என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டுப் போனது

எனக்கு வயது எழுபத்து நான்கு. நான் வளர்த்தது ஆறு. நான்கு நான் பெற்றது. இரண்டு என் தங்கை பெற்றுவிட்டுக் கண்ணை மூடியது. ஆறில் ஒன்றும் கைதவறிப் போகவில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் ஓர் இடத்தில், இந்தக் கிழவிக்கு ஞாபகம் சரியில்லை என்று ஒரு பேச்சு வரும். அது வரும்போது படிக்கிறவர்கள் இங்கே திரும்பி வந்து இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை போனேன். அதற்குப் பிறகு வீட்டில் சின்னதுகளைத் தூக்கிச் சுமக்க ஆள் வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் வேதப்புத்தகத்தில் விரலை வைத்து, வரி வரியாக நகர்த்தி, நானே கற்றுக்கொண்டது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். ஆகட்டும். எந்தக் கங்காணியும் இப்போது என் முதுகுக்குப் பின்னால் நிற்கவில்லை.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொன்பது வருஷம் கொழுந்து எடுத்தேன். அந்த முப்பத்தொன்பது வருஷத்தில் இங்கிலீஷ் வார்த்தை எத்தனையோ எங்கள் வாயில் புழங்கியது. ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோல், வெயிட், பேக்டரி, லீவு, சிக். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக் காட்டலாம், இல்லையென்றால் உடம்பால் உணரலாம். சிக் என்றால் அன்று படுத்துக் கிடந்தவளுக்குத் தெரியும். அதனால் எனக்கு அந்தப் பாஷையிடம் பயம் கிடையாது. என்னை மடக்கியது ஒரே ஒரு வார்த்தைதான்.

டீசண்ட்.

அது எங்கள் வீட்டுக்குள் வந்தது லயத்தை விட்டு நாங்கள் கீழே இறங்கிய பிறகு. லயம் என்பது தோட்டத்து ஆட்களுக்குக் கம்பெனி கட்டிப்போட்ட நீள வரிசை வீடு. ஒரே கூரை, பத்துக் குடும்பம், இந்த வீட்டு இருமல் அந்த வீட்டுக்குக் கேட்கும். என் மூன்றாவது மகன் படித்து, ஒரு வங்கியில் குமாஸ்தாவாகி, டவுன் ஓரத்தில் வீடு கட்டினான். நான் வேலையிலிருந்து நின்றதும் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தான். வழவழவென்று தரை. அந்தத் தரையில் கால் வைத்த அன்றே ஆரம்பித்தது.

“அம்மா, வாசல்ல குத்தவச்சு உக்காராதீங்க. டீசண்ட்டா இல்ல.”

“அத்தை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறவங்களக் கூவிக் கூப்புடாதீங்க. பக்கத்து வீட்ல என்ன நெனப்பாங்க? டீசண்ட்டா இருக்க வேணாமா?” இது மருமகள்.

கூவாமல் எப்படி? ஒரு சரிவில் நிற்பவள் எதிர்ச் சரிவில் நிற்பவளைக் காதோடு கூப்பிட முடியுமா? சாயாவை ஊதிக் குடித்தால் டீசண்ட் இல்லை. வெற்றிலை போட்டால் இல்லை. தலையில் துண்டு கட்டினால் இல்லை. கேட்டுக் கேட்டு ஒரு நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. இது இல்லை, அது இல்லை என்கிறார்களே, எதுதான் டீசண்ட்?

மகனிடம் கேட்கவில்லை. அவனிடம் கேட்டால் இன்னும் இரண்டு இல்லை வந்து சேரும். அவன் மூத்த மகளிடம் கேட்டேன். குமுளியில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. இந்தக் கதையில் கல்யாணப் பெண்ணும் அவள்தான். பள்ளிக்கூடத்துப் பழைய அகராதியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“நெறைய இருக்கு அப்பத்தா. கண்ணியமான. நாகரிகமான. தகுதியான.” விரல் கீழே இறங்கியது. “ஓரளவு நல்லன்னும் போட்டிருக்கு.”

“ஓரளவுன்னா?”

“மோசமில்லாதன்னு வச்சுக்கங்களேன்.”

“மோசமில்லாத ஆளா ஆகத்தான் உங்கப்பன் இம்புட்டுப் பாடு படுறானா?”

அவள் சிரித்த சிரிப்பில் அகராதி கீழே விழுந்தது.

அதோடு நான் விடவில்லை. வேதக்கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரிடம் கேட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நல்லொழுக்கம்” என்றார். சொல்லிவிட்டு என் வெற்றிலைப் பையைப் பார்த்தார். பஸ் நிறுத்தத்துச் சாயாக்கடை மலையாளத்தாரிடம் கேட்டேன். “அந்தஸ்ஸு, அம்மச்சி, அந்தஸ்ஸு!” என்று, மீசையைத் தடவியபடி நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். கடைசியில் ஒரு நாள் பஸ் ஏறி மேலே போய், என் பக்கத்து வரிசையில் இருபது வருஷம் கொழுந்து எடுத்த சிநேகிதியிடம் கேட்டேன். அவளுக்கு ஒரு பல் மிச்சம். யோசிக்கவேயில்லை.

“வாயப் பொத்திக்கிட்டுக் கெடங்கிறதத்தாண்டி இங்கிலீசுல அப்புடிச் சொல்றாய்ங்க.”

நான் கேட்ட அர்த்தங்களில் அவள் சொன்னது மட்டும் என் வீட்டுக்குச் சரியாகப் பொருந்தியது.

அப்போதுதான் பேத்திக்கு வரன் வந்தது. மலைக்குக் கீழே, கம்பத்தில் வீடு. எங்கள் சபைக்காரர்கள். பையன் அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கு அவன் தகப்பனாரைக் கூட்டி வந்தபோது இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை. மருந்துச் சீட்டுப் படிக்கிற பெண் இப்போது போனைப் படித்துக்கொண்டே சோற்றில் தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில் மோர் ஊற்றினாள், மோர் ஊற்ற வேண்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் போனோம். பெண் வரக்கூடாது என்பது வழக்கம்; அவள் வீட்டில் இருந்தாள். காரில் மகன், மருமகள், நான். குமுளி தாண்டி மலை இறங்கும்போது மகன் முன்னால் பார்த்தபடி பேசினான்.

“அங்க யாராச்சும் கேட்டா ரொம்பப் பேசிக்கிராதீங்கம்மா.”

“கேட்டாத்தானடா பேசுவேன்?”

“நீங்க எஸ்டேட்ல ஸ்டாப்பா இருந்து ரிட்டையர் ஆனீங்கன்னு சொல்லியிருக்கு.”

“யாரு சொன்னது?”

“சொல்லியிருக்கு.”

சொன்ன ஆள் அந்தக் காரிலேயே இல்லை என்பது போல இருந்தது அவன் குரல்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் இரண்டே ஜாதி. ஒன்று ஸ்டாப், ஒன்று நாங்கள். ஸ்டாப் ஆபீஸுக்குள் செருப்போடு நடப்பார்கள். நாங்கள் படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பேசுவோம். முப்பத்தொன்பது வருஷம் அண்ணாந்து பேசிய கழுத்து இது. அதை ஒரு வார்த்தையில் படிக்கு மேலே ஏற்றிவிட்டான் என் மகன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டுமாம்.

கம்பத்து வீடு நல்ல வீடு. வாசலில் ஒரு நீள வேலி. சுவருக்குப் பதிலாகச் செடி. இளம்பச்சையில் மஞ்சள் அடித்த சின்னச் சின்ன இலை, நெருக்கமாக, இடுப்பு உயரத்துக்கு. தேயிலைச் செடியின் அதே உயரம். அந்தச் செடி செய்த தப்பு அவ்வளவுதான்.

எல்லோரும் உள்ளே போனார்கள். மகன் ஒரு நாற்காலியை வெளியே கொண்டுவந்து வேலிக்கு அருகில் போட்டான். “உள்ள புழுக்கமா இருக்கும்மா. நீங்க காத்தா உக்காருங்க.” கம்பத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குக் காற்று எங்கிருந்து வரும்? என்னை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பது எனக்குப் புரியாமலில்லை. உட்கார்ந்தேன்.

உள்ளே ஜெபம் ஆரம்பித்தது. ஜெபம் என்றால் நான் எழுந்து நிற்பேன். உட்கார்ந்து ஜெபிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. எழுந்து, தலை குனிந்து, கண்ணை மூடினேன். ஜெபித்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. ஆண்டவரிடம் ரொம்ப நாளாகப் பேசாதவர் போலிருந்தது. இரண்டு குடும்பத்தின் தலைமுறைகளையும், மழையையும், திராட்சைத் தோட்டத்தையும், வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒரு பிள்ளையின் விசாவையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் ஒன்றைக்கூட விடாமல் கேட்டு மனதுக்குள் ஆமென் சொன்னேன். மனம் அங்கேதான் இருந்தது. கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கடைசி ஆமெனுக்குக் கண்ணைத் திறந்தால், நான் நாற்காலியிலிருந்து பத்தடி தள்ளி நிற்கிறேன். இரண்டு கையிலும் பிடி கொள்ளாத கொழுந்து. எனக்குப் பின்னால், இல்லாத கூடைக்குத் தோளுக்கு மேலே எறிந்ததெல்லாம் சிமெண்டுத் தரையில் பச்சையாகச் சிதறிக் கிடக்கிறது. தெற்குப் பக்கத்து வேலி பாதி தூரத்துக்கு மட்டம் பிடித்தாற்போல் ஒரே சமமாக நின்றது. ஒரு முத்தின இலையில் கை படவில்லை. எல்லாம் நுனி, இரண்டு இலையும் ஒரு மொட்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது!

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா, காபித் தட்டோடு.

“என்னம்மா செய்றீக?”

“ஒண்ணுமில்ல தாயி. கைப்பழக்கம்.”

“வேலியப் பிய்க்கிறதா?”

“பிய்க்கலம்மா, எடுத்துருக்கேன். பாருங்க, ஒரு கொம்பு ஒடஞ்சிருக்கான்னு. கொழுந்து எடுத்த கை, இந்த ஒசரத்துல செடியக் கண்டா நிக்காது.”

அவள் தட்டைப் பிடித்தபடி என் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தை. “நீங்க ஆபீஸ்ல இருந்தீகன்னு சொன்னாக…”

“ஆபீசு வாசப்படிக்கு அந்தப் பக்கம் நான் மிதிச்சது ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் சண்டைக்கு.”

அவளுக்குப் பின்னால் என் மகன் வந்து நின்றிருந்தான். அவன் முகத்தை நான் விவரிக்க மாட்டேன். பெற்றவளுக்கு அது அழகில்லை.

வரும் வழியில், மலை பாதி ஏறியதும், வண்டியை ஓரமாக நிறுத்தி, மகன் கம்பத்து வீட்டுக்குப் போன் போட்டான். நான் பின் இருக்கையில் இருக்கிறேன். என்னை வைத்துக்கொண்டே பேசினான்.

“ஆமாங்க… இல்லங்க, அம்மாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல. வயசாயிருச்சுல்ல… ஏதேதோ சொல்லுவாங்க. சின்ன வயசுல லயத்துப் பொம்பளைங்களோட பழகினது, அதெல்லாம் தான் செஞ்ச மாதிரி… ஆமா, பாவம்.”

பாவம் என்றான். என் புத்தி என்னை விட்டுப் போவதை நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். அன்று நான் அறைக்குள் இருக்க வேண்டும். யாராவது வந்து பார்த்தால் சிரித்தால் போதும், பதில் சொல்ல வேண்டாம்.

“உங்க பேத்தி கல்யாணம்மா. ஒரு நா டீசண்ட்டா இருந்துட்டா என்ன கொறஞ்சு போயிரும்?”

அவன் கேட்டதற்குக்கூட நான் அசைந்திருக்க மாட்டேன். ஆனால் மறுநாள் காலையில் பேத்தி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானை நுனியை முறுக்கினாள், என் முந்தானையை.

“அப்பத்தா… ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் பேசாம இருந்துருவீங்களா? எனக்காக?”

இவளைத் தூக்கி வளர்த்தது என் இடுப்பு. “யோசிக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

யோசித்தேன். நான் மெதுவாக யோசிக்கிறவள்; ஒரு வாரம் முழுவதும் எனக்கு வேண்டியிருந்தது. அந்த வாரத்தில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே காட்சி. அதை எழுத வேண்டும்.

தேயிலைக் காட்டில் ஒதுங்க இடம் கிடையாது. செடி இடுப்பளவு. மரம் என்றால் இங்கொன்று அங்கொன்று, அதுவும் ஒல்லியாக. மேலே பாதையில் சூப்பர்வைசர், கீழே மருந்தடிக்கிற ஆண்கள். ஒருத்திக்கு அவசரம் வந்தால், மாதத் தூரம் பட்டால், வயிற்றைப் புரட்டினால், அவள் ஒரு வார்த்தை சொல்வாள். “முதுகு!” அவ்வளவுதான். பக்கத்து வரிசைகளில் இருந்தவர்கள் கூடையோடு வந்துவிடுவோம். அவளைச் சுற்றி வட்டமாக, அவளுக்கு முதுகைக் காட்டி, முகம் வெளியே பார்க்க நிற்போம். மழைக்குக் கட்டிய சாக்கை இரண்டு பக்கமும் விரித்துப் பிடிப்போம். ஒருத்தி தலையும் உள்ளே திரும்பாது. அவள் “ம்” என்றதும் கலைந்துபோய் அவரவர் வரிசையில் நிற்போம். எவள், என்ன ஜாதி, எந்தச் சாமி, முந்தின நாள் குழாயடியில் யாரோடு குடுமிப்பிடி என்பதெல்லாம் அந்த வட்டத்துக்கு இல்லை. வட்டத்துக்குள் இருந்தவளைப் பற்றிப் பின்னால் ஒரு வாய் பேசியதில்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. அதற்கு நாங்கள் எந்தப் பாஷையிலும் பேர் வைக்கவில்லை.

அந்த வட்டம் ஒரு தடவை எனக்காக நின்றது. ஆடி மாதத்துச் சாரல். எனக்கு நாள் இன்னும் இருபது இருக்கிறது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். பதினோரு மணிக்கு இடுப்பில் பிடித்தது. நான் “முதுகு” என்று சொன்னது பாதிதான் வெளியே வந்தது. ஒன்பது பேர் நின்றார்கள். ஒற்றைப் பல்லுக்காரி என்று மேலே எழுதினேனே, அன்று எல்லாப் பல்லும் இருந்த அவள் மட்டும் உள்ளே குனிந்தாள். மற்ற எட்டு முதுகிலும் மழை வழிந்ததை நான் கீழே கிடந்தபடி பார்த்தேன். பிள்ளை அங்கேயே வந்தான். அவள் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றினாள். அந்தத் துண்டில் சுற்றி மலை இறங்கியவன்தான் என் மூன்றாவது மகன். இந்த வீட்டைக் கட்டியவன்.

அவனுக்கு இது தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டிலில் பிறந்தாய் என்றுதான் நான் சொல்லி வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் முன்னால் அவன் தலை குனியக் கூடாது என்று. அந்த வாரம் முழுவதும் கட்டிலில் உட்கார்ந்து இதையும் யோசித்தேன். அவனுக்கு டீசண்ட் கற்றுக்கொடுத்த முதல் ஆள் நான்தான். மற்றவர்கள் மேல் வைக்கிற விரலை என் மேலும் வைத்துத்தான் ஆக வேண்டும். வைத்துவிட்டேன். ஆனால் ஒரு தடவை பொய் சொன்னவள் இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை, அவன் அம்மா, அப்பா மூன்று பேர். நான் கோயிலுக்குக் கட்டிப்போன சேலையை மாற்றவில்லை. கூடத்துக்கு வந்து, அவர்களுக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மகன் பாதி எழுந்தான், பிறகு உட்கார்ந்தான்.

மாப்பிள்ளையின் அம்மா நல்லவள்தான். எழுந்து வந்து, குனிந்து, செவிடரிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

“அம்மா… என்னயத்… தெரியிதா?”

“தெரியாம என்ன? உங்க வீட்டு வேலியில தெக்குப் பக்கம் பாதி எடுத்தேன். வடக்குப் பக்கம் அம்புட்டும் பாக்கி கெடக்கு.”

மாப்பிள்ளைப் பையன் குபுக்கென்று சிரித்துவிட்டு, கையால் வாயைப் பொத்தினான். அவன் அப்பா சிரிக்கவில்லை. என் மகனைப் பார்த்தார்.

“அப்ப… ஞாபகம் சரியில்லன்னு சொன்னீங்களே?”

“ஐயா,” என்றேன், “எனக்கு ஞாபகம் சரியா இருக்கு. நான் ஸ்டாப்பு இல்ல. முப்பத்தொம்பது வருசம் கொழுந்து எடுத்தவ. என் மகனுக்குத்தான் மறதி. எந்தக் கூலியில படிச்சான்னு மறந்துட்டான்.”

“அம்மா!”

“உக்காருடா. இன்னும் முடிக்கல. ஆறு பிள்ளைய இந்தக் கையில வளத்தேன். ஒண்ணுகூடப் பசியோட படுத்ததில்ல. அந்தக் கைதான் உங்க வேலியக் கெடுத்துச்சு. வேலிக்கு மன்னிப்புக் கேக்குறேன். கைக்குக் கேக்க மாட்டேன்.”

யாரும் சாயாவைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பதற்கு யாருக்கும் அகராதி வேண்டாம்.

அன்று பேத்தி அறைக் கதவைச் சாத்தினாள். என்னோடு பேசவில்லை. சோற்றைக் கொண்டுவந்து வைப்பாள், தட்டு சத்தம் போடும், போய்விடுவாள். பதினாறு நாள். மகன் பேசாதது எனக்கு உறைக்கவில்லை; இவள் பேசாதது உறைத்தது. அந்தப் பதினாறு நாளில் ஒரு தடவைகூட, சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அழுகை வந்தது. அழுகை வந்தால் தப்புச் செய்தோம் என்றா அர்த்தம்?

பதினேழாவது நாள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

“போன் வந்துச்சு. அவங்களுக்குச் சம்மதமாம்.”

“ம்.”

“ஆனா நிச்சயத்தன்னைக்குச் சொந்தக்காரங்க முன்னால அப்பத்தா அதப் பத்திப் பேச வேண்டாமாம். டீசண்ட்டா முடிச்சுக்கலாமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“எங்க அப்பத்தா முன் வரிசையில உக்காருவாங்க. யாரு கேட்டாலும் உள்ளதச் சொல்லுவாங்க. சம்மதம்னா வாங்க, இல்லன்னா வேலிச் செடிக்கு என்ன வெலன்னு சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்னேன்.”

“யாருகிட்டடி சொன்ன?”

“அவர்கிட்டதான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தாராம். அவங்கம்மாவும் கேட்டுட்டாங்க.” கைப்பையைக் கட்டிலில் போட்டாள். “நான் அங்க போயி ஆயுசுக்கும் அந்தப் பொய்யக் காவல் காக்கணுமா அப்பத்தா? நாளைக்கு நானும் உங்கள மாதிரி ஒரு செடியப் பார்த்துக் கை நீட்டினா, யாரு கத்துக்குடுத்ததுன்னு கேப்பாங்கல்ல?” அப்புறம், “உங்க மேல எனக்கு இன்னும் கோவம்தான்” என்று சொல்லிவிட்டு, செருப்போடு என் மடியில் தலை வைத்தாள். வழவழத் தரையெல்லாம் மண்.

அதற்கும் சரி என்றார்கள்; நிச்சயம் கம்பத்தில், அவர்கள் கோயிலில் நடந்தது. நான் முன் வரிசையில் உட்கார்ந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்து நாற்காலி. அவள் சொந்தக்காரி ஒருத்தி, கழுத்து நிறைய நகையோடு, என்னைக் காட்டிக் கேட்டாள்.

“இவுக யாரு மதினி?”

மாப்பிள்ளையின் அம்மா அப்பளத்தை எடுத்தாள். வைத்தாள். அந்த இடைவெளியில் நான் ஒரு கைப்பிடிக் கொழுந்து எடுத்திருப்பேன்.

“மருமகளுக்கு அப்பத்தா,” என்றாள். பிறகு, சற்று மெதுவாக, “எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவுக.”

“அப்புடியா?” என்றாள் நகைக்காரி. “எங்க கடையில வாங்குற தூளு எதுக்கும் ஆகல. எதப் பார்த்து வாங்கணும்னு இவுககிட்டக் கேக்கணும்.”

இவ்வளவுதான். இதற்குத்தான் என் புத்தியை எடுத்துக் கொடுக்கப் பார்த்தான் என் மகன். அவள் கேட்டதற்கு நான் உள்ளதைச் சொன்னேன்: நாங்கள் எடுத்த கொழுந்து எங்கே போகிறது என்று எங்களுக்கே தெரியாது, நாங்கள் குடித்தது கடைசியில் மிஞ்சுகிற தூசி. அவள் “அடப் பாவமே” என்று எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னாள். கை கழுவப் போகும்போது மாப்பிள்ளையின் அம்மா என் காதோடு ஒன்று சொன்னாள்: நான் கை வைத்த பக்கத்து வேலி நெருக்கமாகத் துளிர்த்திருக்கிறதாம், மற்றப் பக்கம் பார்க்கச் சகிக்கவில்லையாம். “வந்தா எடுத்துருங்கம்மா” என்றாள். பார்க்கலாம் என்றேன். முப்பத்தொன்பது வருஷம் கூப்பிட்டதும் போனவள். இனி எனக்குத் தோன்றினால் போவேன்.

மகன் இப்போது என்னிடம் பேசுகிறான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவு. என் முன்னால் டீசண்ட் என்ற சொல்லை எடுப்பதில்லை. நேற்று வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். வந்து நின்றான், தயங்கினான், “கொஞ்சம் நீட்டா இருக்கலாம்லம்மா” என்றான். இந்த நீட்டுக்கு அர்த்தம் கேட்க நான் எங்கும் போகப் போவதில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்கு முன்னால் இதை எழுதி முடிக்க வேண்டும் என்றிருந்தேன், முடித்துவிட்டேன். ஆடிச் சாரலில் ஒன்பது பேர் நின்றதை எந்தச் சபையிலும் நான் சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டியவன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே அப்படி ஒரு நாள் வரும் என்று நினைக்கவில்லை.

ஏய் பிள்ளை, கல்யாணப் பெண்ணே, இங்கே வா. இந்த நோட்டை எடு. என் கையெழுத்து புரியாத இடத்தில் கேள், நீயாக எதையும் சேர்க்காதே. முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டு. கதவைச் சாத்த வேண்டாம். கூடம் வரை கேட்கட்டும்.